மழை கேளாத வானொலி

மச்சானின் ஜப்பான் காரில் வேகம் கூடினால் ரேடியோச் சத்தம் தானாகவே கூடும், குறைந்தால் குறையும். ஓட்டத்தின் இரைச்சலை ஈடுசெய்ய வந்த ஏற்பாடு. ஆனால் அதற்குக் காது கிடையாது. சில்லின் வேகத்தைச் சொல்லும் மின்துடிப்பை மட்டுமே அது எண்ணுகிறது.

புளத்கொகுபிட்டிய வளைவுகளில் அடைமழைக்குக் கார் ஊர்கிறது, கூரை அதிர்கிறது. அந்த நேரம் பார்த்து வானொலி முணுமுணுக்கும். மண்சரிவு எச்சரிக்கை வாசிப்பதும் அப்போதுதானே! 2016 மே மாதம் களுபஹன தோட்டத்து லயன்களை மண் மூடக் கண்ட ஊர் இது.

மெக்கானிக் வயரை வெட்டச் சொன்னார். வழிகாட்டும் வரைபடத்துக்கும் அதே துடிப்புத்தான் போகிறதாம், விட்டுவிட்டோம். ஒலிக்குரிய பட்டியலில் ‘ஏ.எஸ்.எல்.’ என்றிருந்ததை நிறுத்தினோம். சரியாயிற்று.

“இனி நீங்கதான் திருகணும் மச்சான்” என்றார்.

மழை நாட்களில் முன்சீட்டில் எனக்கு அதுவே வேலை.