ஓலை தாழ்த்த காலம்

1990 ஜூனில் அரசுப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கிச் சில மாதங்களில் எங்கள் யாழ்ப்பாணத் தோட்டவெளி ஊமையாகிவிட்டது. அதுவரை விடியப்புறத்தில் உரும்பிராயிலிருந்து கோப்பாய்ப் பக்கம் சைக்கிள் உழக்கினால் வழிநெடுக இறைப்பு மெசின்கள் அடித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய்ப் புகையும் நனைந்த செம்மண்ணும் கலந்த ஒரு மணம். பிறகு அரசின் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, யூரியா இல்லை, பூச்சிமருந்து இல்லை, பற்றரி இல்லை. கள்ளமாகக் கிடைத்த எண்ணெயின் விலையைக் கேட்டவர்கள் பேசாமல் திரும்பிப் போனார்கள்.

நான் அப்போது விவசாயப் போதனாசிரியன். எந்தப் புழுவுக்கு எந்த மருந்து, உருளைக்கிழங்குக்கு எத்தனையாம் நாள் யூரியா என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் அரசு தடுத்தபோது, இந்த அறிவை நம்பித்தான் எங்கள் கமக்காரர் மெசின் வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட, விலை விழுந்தது. அதையும் தாங்கினார்கள். ஆனால் கிணறு நிறையத் தண்ணீர் கிடக்க, பக்கத்தில் மிளகாய்க் கன்று வாடுவதை எப்படித் தாங்குவது? எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தேங்குவதுதான் வருடம் முழுவதற்குமான தண்ணீர்.

கோப்பாயில் ஒரு முதியவர் இருந்தார். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கும். வெற்றிலைச் சாறு கடைவாயில் காய்ந்திருக்கும். தண்ணீர் இறைக்கும் பழைய துலாவை மாட்டுக்கொட்டிலின் கைமரத்தோடு கட்டி வைத்திருந்தார்.

"தம்பி, உம்மடை புத்தகத்திலை மெசின் இல்லாத தோட்டம் இருக்கோ?" என்றார்.

"இல்லை அப்பு."

"அப்ப அதை மூடி வையும். ஆடுகால் நட நாலு பெடியளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

கூட்டிக்கொண்டு போனேன். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்கத் தெரியாத பிள்ளைகள். முதல் நாள் அவர்களுடைய கால் நடுங்கியது எனக்கு இப்போதும் தெரிகிறது. கீழே முதியவர் பட்டையைப் பிடித்தபடி, "கீழை பாராதை, முன்னுக்குப் பார்" என்று கத்துவார். பனையோலைப் பட்டை தண்ணீரை மொண்டு மேலே வந்து வாய்க்காலில் சளாரென்று சரியும். அந்தச் சத்தத்தைக் கேட்க அயல் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள்.

துலாத் தண்ணீர் கொஞ்சம். அதனால் அந்தக் கொஞ்சத்தை மண்ணில் நிறுத்திவைக்கவும் வழி வேண்டியிருந்தது. வேலி பிரித்த பழைய பனையோலையைத் தறையில் புதைத்துத் தாழ்ப்பது எங்கள் பாட்டன்மார் செய்தது. மெசின் வந்த பிறகு பலர் அதை மறந்திருந்தார்கள். ஒரு தோட்டத்தில் பார்த்ததை அடுத்த ஊரில் சொல்வதே என் உத்தியோகமாகிப் போனது. யூரியாவுக்குப் பதில் சீமைக்கிளுவைக் குழை, ஆட்டுப்பட்டி. மருந்துக்குப் பதில் வேப்பங்கொட்டைக் கரைசல். நீர்வேலியில் ஒரு தாய் இரவெல்லாம் வேப்பங்கொட்டை இடித்து ஊறவைப்பார். புருஷன் காணாமற் போயிருந்தார். எவ்வளவு கழுவினாலும் விரலில் கசப்புப் போகாது. சோறு தீத்தினால் சின்னவன் துப்பிவிட்டு, "அம்மா, கை கைக்குது" என்று அழுவான். அவர் சிரித்தபடி அகப்பையால் தீத்துவார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பொம்மர் வரும். சத்தம் கேட்டதும் துலாவிலிருந்து குதித்து, பட்டையை விட்டு, பிள்ளையை இழுத்து, பங்கருக்குள் விழுந்து, நிலம் அதிர்ந்து, மண் தலையில் கொட்டி, எண்ணிப் பார்த்து, எல்லாரும் இருக்கிறார்களா என்று கேட்டு, இருந்தால் திரும்பப் போய்த் தண்ணீர் மாறுவோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு புலிகள் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே தெருவில் இறங்கியது. மழை, இருட்டு, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். கிழவர்களைச் சைக்கிளில் இருத்தித் தள்ளினார்கள், கையிலிருந்த பிள்ளைகள் தவறிப்போனார்கள், ஒரு அடி வைக்க எத்தனையோ நேரம். அந்த நெரிசலில் என் முன்னால் போனவரின் சைக்கிள் கைபிடியில் விதை வெங்காயப் பிடிகள் தொங்கின. வேதாளன் வெங்காயம், வீட்டு வளையில் புகை பட்டுத் தொங்கியது. சட்டி பானையை விட்டுவிட்டு அதை எடுத்து வந்திருந்தார். ஈரத்தில் வெங்காய மணம் எழுந்து, அழுகைச் சத்தங்களுக்கிடையில் ஏதோ ஒரு குசினிக்குள் நிற்பதுபோல் இருந்தது.

பாலத்துக்கு அப்பால் தென்மராட்சி, மணல் நிலம். தென்னைகளுக்கிடையில், யாரோ இரங்கித் தந்த துண்டுக் காணியில், ஓலையைத் தாழ்த்து அந்த வெங்காயத்தை அவர் நட்டார். பக்கத்துக் கொட்டிலிலிருந்தவர்கள் பார்த்து அவரைப் போலவே செய்தார்கள். கூட்டமும் இல்லை, துண்டுப்பிரசுரமும் இல்லை. அவ்வளவு வேகமாக ஒரு செய்முறை பரவியதை என் உத்தியோக காலத்தில் வேறெங்கும் காணவில்லை. 1996 சித்திரைக்குப் பிறகு ஊர் திரும்பினோம். கோப்பாய் முதியவர் திரும்பவில்லை. கொடிகாமத்தில் காய்ச்சலில் போய்விட்டார்.

இப்போது வலிகாமத்தில் தூவல் குழாய்களும் சொட்டுநீர்க் குழாய்களும் வந்துவிட்டன. நல்லவைதான். பாறைக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும். ஆகவே சொட்டுச் சொட்டாய்க் கொடுப்பது இந்த மண்ணுக்கு ஏற்றதே. ஆனால் குழாயோடு யூரியா மூட்டைகளும் முன்போலவே வருகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்குரிய அளவைத் தாண்டிவிட்டது. அன்று தடையால் விட்டதை இன்று அறிவால் குறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறேன். மானியக் குழாயை இறக்குமுன், அந்தத் தோட்டத்தில் தடைக்காலத்தில் கமம் செய்தவர் யாரும் உயிரோடிருந்தால் அவரிடம் போய் இருந்து கேளுங்கள். ஓலை எவ்வளவு ஆழத்தில் தாழ்த்தார்கள், எத்தனை நாளுக்கொருக்கால் இறைத்தார்கள், எந்தக் கிணறு எப்போது உவர்த்தது என்று எழுதி வையுங்கள். அவர்களில் பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.