ரயில் பட்டறை ஊரில் ஷேக்ஸ்பியர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரண்டோவிலிருந்து தென்மேற்கே சோள வயல்களுக்கும் பால் பண்ணைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போனால் ஸ்ட்ராட்ஃபோர்டு வரும். அதற்குச் சற்று முன்னால் ஒரு சிற்றூர். அதன் பெயரே ஷேக்ஸ்பியர். ஸ்ட்ராட்ஃபோர்டின் நடுவே ஓடும் ஆறு ஏவான். பள்ளிக்கூடங்களின் பெயர்களில் ரோமியோவும் ஹாம்லெட்டும் உண்டு. ஊரின் பழைய வட்டங்களில் ஒன்று ஃபால்ஸ்டாஃப். பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கிறவருக்கு, நாடகத்துக்கென்றே எழுப்பிய ஊர் இது என்று தோன்றும். உண்மையில் பெயர் முதலில் வந்தது. நாடகம் வர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

1832இல், இப்பகுதியின் நிலங்களை விற்றுவந்த கனடா கம்பெனியின் அதிகாரி தாமஸ் மெர்சர் ஜோன்ஸ், இங்கே சத்திரம் நடத்திய வில்லியம் சார்ஜின்டுக்கு ஷேக்ஸ்பியரின் படம் ஒன்றைக் கொடுத்தார். சத்திரம் ஷேக்ஸ்பியர் ஹோட்டல் ஆனது. குடியிருப்புக்கு இங்கிலாந்தில் கவிஞர் பிறந்த ஊரின் பெயர் நிலைத்தது. சின்ன தேம்ஸ் என்று சொல்லிவந்த ஆறும் ஏவான் ஆயிற்று. ஆனால் ஊருக்குச் சோறு போட்டது ரயில். கிராண்ட் டிரங்க் ரயில்வே 1871இல் இங்கே நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறையை அமைத்தது. பின்னாளில் அது கனடிய தேசிய ரயில்வேயின் கைக்குப் போனது. அப்பா பட்டறையில், மகன் பட்டறையில் என்று குடும்பம் குடும்பமாக ஊர் அதை நம்பி இருந்தது. அதற்கடுத்து மரச்சாமான் தொழிற்சாலைகள். 1933இல் மரச்சாமான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவத்தையே இறக்கினார்கள். சண்டைக்கும் உழைப்புக்கும் பழகிய ஊர் இது.

அழகுக்காகவும் இந்த ஊர் சண்டை போட்டிருக்கிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன், வேறொரு ரயில் கம்பெனி ஆற்றங்கரை வழியாகத் தண்டவாளம் போட வந்தது. ரயிலால் வாழும் ஊர் வேண்டாம் என்று சொல்லும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆர். தாமஸ் ஓர் என்பவரும் அவரோடு நின்றவர்களும் வீடு வீடாகப் பேசினார்கள். விஷயம் வாக்கெடுப்புக்குப் போய், சிறிய வித்தியாசத்தில் ஆற்றங்கரை தப்பியது. இன்று அன்னங்கள் நீந்தும் நீர்ப்பரப்பு, அதை ஒட்டிய புல்வெளி, நாடக அரங்கு நிற்கும் மேடு எல்லாம் அந்த வாக்குகளால் மிஞ்சியவை. நாடக விழாவின் கதையை 1953இலிருந்து தொடங்குகிறவர்கள் தாமஸ் ஓரை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

டாம் பாட்டர்சன் 1920இல் இதே ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பி, நகராட்சி நிர்வாகம் பற்றிய தொழில் பத்திரிகை ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார். சாக்கடை, குடிநீர், சாலை பற்றி எழுதுகிற வேலை. நாடகம் போட்டுப் பழக்கமில்லாதவர். நீராவி எஞ்சின்களின் காலம் முடிகிறது, டீசல் வருகிறது, பட்டறையின் கதி என்ன என்று ஊரே கவலைப்பட்ட நேரத்தில், பள்ளிப் பருவத்திலிருந்து மனதில் கிடந்த யோசனையை வெளியே எடுத்தார்: பெயர்தான் இருக்கிறதே, ஷேக்ஸ்பியர் நாடக விழா நடத்தினால் என்ன? நகரசபை சிரித்து அனுப்பியிருக்கலாம். மாறாக, 1952இல் லாரன்ஸ் ஒலிவியரிடம் யோசனை கேட்டுவர நியூயார்க் போகட்டும் என்று 125 டாலர் கொடுத்தது. ஒலிவியரைச் சந்திக்க முடியவில்லை. பாட்டர்சன் வெறுங்கையோடு திரும்பினார்.

டொரண்டோவில் நாடகத்துக்காகவே வாழ்ந்த டோரா மேவர் மூர் என்ற அம்மையார், டைரோன் கத்ரியைக் கேட்டுப் பார் என்றார். லண்டனின் புகழ்பெற்ற இயக்குநர் கத்ரி, அப்போது அயர்லாந்தில் தன் வீட்டில் இருந்தார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒரு தொலைபேசி அழைப்பு. 1952 ஜூலையில் கத்ரி நேரில் வந்து நின்றார். பழைய பாணி மேடைச் சட்டத்துக்குள் ஷேக்ஸ்பியரை அடைத்துவைப்பதில் அவருக்கு வெகுநாளாகச் சலிப்பு. புதிய ஊர், நாடக விழாவுக்கென்று கட்டடமே இல்லாத ஊர். வேண்டிய மேடையை முதலிலிருந்து கட்டிக்கொள்ளலாம். அதுதான் அவரை இழுத்திருக்க வேண்டும்.

அந்த மேடையை வடிவமைத்தவர் டான்யா மொய்சிவிச். திரை கிடையாது, வரைந்த பின்னணி கிடையாது. படிகள் ஏறும் மரத்தளம், நடுவே தூண்கள் தாங்கும் சிறு மாடம், பல திசை வாசல்கள், பார்வையாளர்களின் இருக்கைகளுக்கு அடியிலிருந்தே நடிகர்கள் வெளிப்படும் சுரங்க வழிகள். கூட்டம் மேடையை மூன்று பக்கமும் வளைத்து உட்காரும். கூத்துக் களரியின் ஓரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நடிகர் முதுகைக் காட்டாமல் நிற்கவே முடியாது. ஆகவே முதுகும் நடிக்க வேண்டும். ஒருவர் பேசும்போது அவருக்குப் பின்னால் எதிர்ப்புறப் பார்வையாளர்களின் முகங்கள் தெரியும். இங்கிலாந்தின் சிசெஸ்டர் (1962), அமெரிக்காவின் மினியாபொலிஸ் (1963), இங்கிலாந்தின் ஷெஃபீல்டு (1971) அரங்குகள் இந்த மேடையின் வழியில் எழுந்தவை. ரயில் பட்டறை ஊர் ஒன்றிலிருந்து உலகம் மேடை கட்டக் கற்றுக்கொண்டது.

ஆனால் 1953இன் வசந்தத்தில் பணம் தீர்ந்துபோனது. ஆற்றோர மேட்டில் குழி தோண்டி, காங்கிரீட்டில் வட்டப் படிக்கட்டு எழும்பிக்கொண்டிருந்தது. மேலே போட வேண்டிய பிரம்மாண்டமான கூடாரம் சிகாகோவில் தயாராகிக்கொண்டிருந்தது. காசு வராமல் அது நகராது. விழா நின்றுவிடும் என்றே தோன்றிய அந்த நாட்களில், கட்டட ஒப்பந்தக்காரர் ஆலிவர் காஃப்னி கூலி வராத நிலையிலும் வேலையை நிறுத்தவில்லை. கடைசி நேரத்தில் நன்கொடைகள் வந்தன. கூடாரம் வந்தது, அதை ஏற்றிக் கட்டிக் காக்க, சர்க்கஸ் உலகத்து அனுபவசாலியான ஸ்கிப் மேன்லியும் வந்தார். 1953 ஜூலை 13 இரவு, டென்ட் கொட்டகைக்குள் மூன்றாம் ரிச்சர்டாக அலெக் கின்னஸ் மேடையேறினார். லேடி ஆன் வேடத்தில் கனடாவின் அமீலியா ஹால். சிறு வேடங்களில் நின்ற இளைஞர்களில் ஒருவர் திமத்தி ஃபிண்ட்லி. பின்னாளில் கனடாவின் பெரிய நாவலாசிரியர். ஐந்து வாரத்துக்கென்று தொடங்கிய விழா ஆறு வாரம் நடந்தது. ஏறத்தாழ 68,000 பேர் வந்தார்கள்.

1956இல் மைக்கேல் லாங்ஹாம் இயக்கிய ‘ஐந்தாம் ஹென்றி’யில் ஆங்கிலேய அரசனாக கிறிஸ்டஃபர் பிளம்மர், பிரெஞ்சு அரசவையாக நின்றவர்கள் கியூபெக்கின் பிரெஞ்சு மொழி நடிகர்கள். ஒரு நாட்டின் இரு மொழியினர் ஒரே மேடையில் எதிரெதிரே நின்று போரிட்டு, கடைசியில் உடன்படிக்கை செய்துகொள்வதைக் கனடிய மக்கள் பார்த்தார்கள். ஷேக்ஸ்பியர் அவர்களுக்கு அன்னியர் அல்ல என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. பிளம்மர் சிறுநீரகக் கல்லால் ஓர் இரவு மருத்துவமனையில் கிடந்தபோது, முழு ஒத்திகை இல்லாமலே அரசனாக நின்று காப்பாற்றியவர் இளம் வில்லியம் ஷாட்னர். அடுத்த ஆண்டு கூடாரம் போய், கட்டடக் கலைஞர் ராபர்ட் ஃபேர்ஃபீல்டின் நிரந்தர அரங்கு அதே காங்கிரீட் படிக்கட்டைச் சுற்றி எழுந்தது. அதன் கூரை மடிப்பு மடிப்பாக இருப்பது பழைய கூடாரத்தின் நினைவாகத்தான். 1964இல் ரயில் பட்டறை மூடப்பட்டபோது, ஊருக்கு வேறொரு பிழைப்பு ஏற்கெனவே வேர்விட்டிருந்தது.

கின்னஸும் பின்னால் மேகி ஸ்மித்தும் வந்து போன விருந்தினர்கள். இந்த மேடையின் உண்மையான சொத்து, வந்து போகாமல் இருந்துவிட்டவர்கள். வில்லியம் ஹட் முதல் ஆண்டுக் குழுவிலேயே இருந்தவர். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைச் சுமந்து வீரப்பதக்கம் பெற்றுத் திரும்பிய மனிதர். கனடிய நடிகர் என்றால் லண்டனுக்குப் போனால்தான் மதிப்பு என்றிருந்த காலத்தில், இந்தச் சிறு ஊரிலேயே தங்கி உலகத் தரத்தில் நடிக்கலாம் என்று வாழ்ந்து காட்டினார். லியர் அரசனை வயதுக்கு வயது மறுபடி மறுபடி நடித்தார். 2005இல் ‘புயல்’ நாடகத்தின் பிராஸ்பெரோவாக இம்மேடையிலிருந்து விடைபெற்று, 2007இல் காலமானார். ஏவான் ஆற்றின் மேல் உள்ள ஒரு பாலத்துக்கு ஊர் அவர் பெயரை வைத்திருக்கிறது, அதுவும் அவர் உயிரோடு இருந்தபோதே.

மார்த்தா ஹென்றி 1962இல் இங்கே வந்தார். அதே ‘புயல்’, ஹட் பிராஸ்பெரோ, இவர் பிராஸ்பெரோவின் மகள் மிராண்டா. 56 ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே அரங்கில் பிராஸ்பெரோவாக நின்றவர் மார்த்தா ஹென்றி. மகளாக நின்று கேட்ட வசனங்களைத் தகப்பனாக நின்று பேச ஒருவருக்கு வாய்க்க வேண்டுமானால், ஒரு நடிகை வாழ்நாள் முழுக்க இருப்பதற்கு ஓர் ஊர் இடம் தர வேண்டும். இடையில் எத்தனை வேடங்கள், எத்தனை நாடகங்களை இயக்கினார், எத்தனை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்! 2021இல் புற்றுநோய் முற்றிய நிலையில் எட்வர்ட் ஆல்பியின் ‘மூன்று உயரமான பெண்கள்’ நாடகத்தில் நடித்தார்; கடைசிக் காட்சிகளுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். அக்டோபர் 9இல் கடைசி நாள் ஆட்டம். அக்டோபர் 21இல் மறைந்தார்.

அந்த 2021 வேறொரு விதத்திலும் முக்கியமான ஆண்டு. பெருந்தொற்றால் 2020 விழா முழுவதும் நின்றுபோயிருந்தது. ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டிய டாம் பாட்டர்சன் அரங்கும் திறக்க முடியாமல் கிடந்தது. மறு ஆண்டு அரங்குகளின் வெளியே திறந்த பந்தல் போட்டு, சிறு குழுக்களாக நாடகம் நடத்தினார்கள். புதிய அரங்கு 2022இல் மூன்றாம் ரிச்சர்டோடு திறந்தது. ரிச்சர்டாக கோம் ஃபியோர், மார்கரெட் அரசியாக சீனா மெக்கென்னா. மெக்கென்னா 2011இல் தானே ரிச்சர்டாக நடித்தவர். ஆற்றின் வளைவைப் போலவே வளைந்து போகும் கண்ணாடிச் சுவரை வரைந்தவர் சியாமக் ஹரிரி.

விளம்பரத்தில் பெயர் வராதவர்களைச் சொல்லாமல் இந்த ஊரின் அறிமுகம் முழுமையாகாது. ஒவ்வொரு சீசனும் ஒரு டஜன் நாடகங்கள் மாறி மாறி ஓடும். மதியம் ஒரு நாடகம், இரவு அதே மேடையில் வேறொன்று. இடைப்பட்ட நேரத்தில் மேடைப் பணியாளர்கள் ஒரு நாட்டைக் கழற்றி இன்னொரு நாட்டை மாட்டுகிறார்கள். டோப்பாவுக்கு முடி முடியாகக் கோர்க்கிறவர், நடிகரின் பாதம் அளந்து பூட்ஸ் தைக்கிறவர், வாளும் கிரீடமும் செய்கிறவர், துணிக்குச் சாயம் ஏற்றிப் பழசாக்குகிறவர் எல்லாரும் விழாவின் சொந்தப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள். எஞ்சின் பழுதுபார்த்த ஊரில் கைத்தொழில் சாகவில்லை, பொருள்தான் மாறியது என்று நான் நம்புகிறேன். டக்ளஸ் தெருவில் உள்ள உடுப்புக் கிடங்கில் ஆயிரக்கணக்கான உடைகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கலாம். தையலை அருகில் பார்த்த பிறகு மேடையில் ஓர் அங்கியைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வேறு முகங்களும் உண்டு. பாடகர் ஜஸ்டின் பீபர் இங்கே வளர்ந்தவர். ஏவான் அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக் காசு சேர்த்த பையன். நல்ல சமையல் பள்ளியும் நல்ல உணவகங்களும் இருக்கின்றன. ரயில் பட்டறையின் பெரிய கூடு ஊர் நடுவே காலியாக நிற்கிறது. அதை என்ன செய்வது என்று ஊர் பல்லாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர்காலம் வரை நாடகங்கள் உண்டு. டொரண்டோவிலிருந்து விழாவின் பேருந்தே வருகிறது. ஒரே நாளில் இரண்டு நாடகங்களுக்குச் சீட்டு எடுங்கள். மதியம் அரசனாக வந்தவர் இரவு வேலைக்காரனாக வருவார், அந்த வித்தையைப் பார்க்க வேண்டும். பெரிய அரங்குக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய் வாசலில் நில்லுங்கள். லூயி ஆப்பிள்பாம் 1953இல் அமைத்த எக்காள இசையை முழக்கித்தான் இன்றும் பார்வையாளர்களை உள்ளே அழைக்கிறார்கள்.