கறை தெரியும் இடமும் துரு பிறந்த இடமும்

டிஷ்வாஷரிலிருந்து எடுத்த கத்தியின் அலகில் கடுகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால், வீடுகளில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகள்தான் வரும். மெஷின் கத்தியைக் கெடுத்துவிட்டது என்பது ஒன்று. கடையில் மட்டமான எவர்சில்வரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் இரண்டுமே விசாரணைக்கு முன் வரும் தீர்ப்புகள். துரு என்றால் இரும்பு வேண்டும். அந்தப் புள்ளியில் இருக்கும் இரும்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனதில் எனக்குக் கிடைத்த விடை இது: கறை எதன் மேல் தெரிகிறதோ, துரு அதில்தான் பிறந்தது என்று சொல்ல முடியாது. பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் கறையை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால், அது திரும்பத் திரும்ப வரும்.

எவர்சில்வரிலும் பெரும்பகுதி இரும்புதான். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேரும்போது, அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, சில நானோமீட்டர் தடிமனுள்ள படலமாக இரும்பை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் கிடைத்தால் படலம் தானே மறுபடி உருவாகும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913-இல், துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் அரிபடுவதைத் தடுக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி உருக்கிய எஃகில் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் இருந்தன. ஷெஃபீல்டு கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்த எஃகு விரைவில் சாப்பாட்டு மேசைக் கத்தியாக மாறியது. இன்றைய சமையல் கத்திகள் பலவும் அதே வம்சம்தான். கூர் நிற்கக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பனோ குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத் தட்டு பளபளவென்று இருக்க, அதே அடுக்கில் கழுவிய கத்தி மட்டும் புள்ளி போடுவதற்கு இது ஒரு காரணம்.

இது ஒரு காரணமே தவிர முழு விடை அல்ல. சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் துடைக்கும்போது புள்ளி மறைந்து, அடியில் உலோகம் வழவழப்பாக இருந்தால், அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய துரு. ஊசி முனை அளவுக்குக் குழி தெரிந்தால் கத்தியே அரிக்கப்பட்டிருக்கிறது. வெளித்துருவின் முதல் ஊற்று, கூடவே கழுவப் போட்ட இரும்பு வாணலியும் தோசைக்கல்லும். எண்ணெய் இறுகி இறுகிப் பழகிய அவற்றின் மேற்பூச்சை, காரம் மிகுந்த டிஷ்வாஷர் பொடி கரைத்துவிடும். வெறும் இரும்பு ஈரத்தில் துருப்பிடிக்க, அந்தத் துகள்களைச் சுழலும் தண்ணீர் எல்லாப் பாத்திரங்கள் மேலும் வாரி இறைக்கும். இரண்டாவது ஊற்று மெஷினின் ரேக். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த சாதாரண எஃகுக் கம்பி. கம்பியின் நுனியைக் கூர்ந்து பார்த்தால் பூச்சு வெடித்து, விளிம்பு மேலெழும்பி, உள்ளே செம்பழுப்புப் பொடி தெரியும். வெடிப்புக்குள் புகுந்த ஈரம் எளிதில் காயாததால், துரு பூச்சுக்கு அடியிலேயே பரவிக்கொண்டு போகும். மூன்றாவது ஊற்று போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு. பீங்கானிலும் வெள்ளைப் பிளாஸ்டிக்கிலும்கூட மஞ்சள் சாயல் ஏறியிருந்தால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

குழி விழுந்த கத்தியின் கதை வேறு. அங்கே குற்றவாளி உப்பிலுள்ள குளோரைடு. படலத்தின் பலவீனமான இடத்தை அது துளைத்துவிட்டால், குழிக்குள் படலம் திரும்ப உருவாக விடாது. சாம்பாரும் ஊறுகாயும் ஒட்டிய கத்தியை ராத்திரி முழுக்க மெஷினுக்குள் போட்டு வைப்பது இந்த வேலைக்கு வசதியான ஏற்பாடு. மெஷினில் போடும் உப்பு, உப்புத் தண்ணீரையே நல்ல தண்ணீராக மாற்றிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நீக்கிக் கடினத்தன்மையைத்தான் குறைக்கிறது. குளோரைடு அப்படியே இருக்கும். உப்புத் தொட்டியின் மூடி சரியாக இறுகாவிட்டாலோ, நிரப்பும்போது சிந்திய உப்பைத் துடைக்காவிட்டாலோ, குளோரைடு கூடத்தான் செய்யும். அதனால்தான் உப்பு நிரப்பியவுடன் மெஷினை ஓட்டிவிடச் சொல்கிறார்கள்.

கையால் கழுவினால் இதே கத்தி துருப்பிடிப்பதில்லையே, அப்படியானால் மெஷின்தானே காரணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையால் கழுவிய கத்தியைச் சில நிமிடங்களில் துடைத்து வைத்துவிடுகிறோம். மெஷினுக்குள் அது சூட்டிலும் ஈரத்திலும் மற்ற பாத்திரங்களின் அழுக்கு நீரிலும் மணிக்கணக்கில் கிடக்கிறது. இரும்பையும் குளோரைடையும் பெரும்பாலும் நாம்தான் உள்ளே அனுப்புகிறோம். மெஷின் அவற்றுக்கு நேரம் கொடுக்கிறது. ரேக் வெடித்திருந்தால் மட்டும் இரும்பும் மெஷினுடையதே.

காந்தம் வைத்துப் பார்த்து நல்ல எவர்சில்வர் வாங்கினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் கூட்டிச் செய்த மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304 பாத்திரத்திலும் வளைத்து இழுத்த இடங்களில் லேசாக ஒட்டும். காந்தம் உலோகத்தின் உள்ளமைப்பைச் சொல்லுமே தவிர, குரோமியத்தின் அளவைச் சொல்லாது. எல்லாவற்றையும் 304-லேயே செய்துவிடவும் வழியில்லை. சூடாக்கிக் குளிரவைத்து அதைக் கடினமாக்க முடியாது என்பதால் கத்திக்கு அது உதவாது. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது நல்ல தொடக்கம். எந்த ரக எஃகு என்பதும் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் தெளிவாகப் பொறிக்கப்பட வேண்டும். விலை கொடுத்து வாங்குகிறவருக்கு அதை அறியும் உரிமை உண்டு.

ஆகவே பரிகாரம் ஊற்றைப் பொறுத்தது. இரும்புச் சட்டியைக் கையால் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வைக்கலாம். வெடித்த ரேக்கை மாற்றலாம், அல்லது அதற்கென விற்கும் பூச்சால் அடைக்கலாம். கத்தியைக் கையாலேயே கழுவலாம். மெஷினில்தான் போடவேண்டுமென்றால், ஒட்டியதை உடனே அலசிப் போட்டு, முடிந்ததும் எடுத்துத் துடைக்கலாம். மேலே படிந்த துருவை எலுமிச்சையோ புளியோ கரைத்துவிடும். விழுந்த குழியை எதுவும் நிரப்பாது. இரும்பு நாரால் தேய்ப்பதோ கேடு, அது புதிதாக இரும்புத் துகளை விட்டுவிட்டுப் போகும். எதைச் செய்வதற்கு முன்னும் துணியால் ஒரு முறை துடைத்து அடியில் குழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், மெஷினைக் குறை சொல்வதா, கத்தியைக் குறை சொல்வதா, நம் பழக்கத்தை மாற்றுவதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.