சீட்டுப் போட்ட வைத்தியம்

க்ஷயரோகி வீட்டில் இருந்தால் தேறமாட்டான், சானடோரியத்துக்குத்தான் போகவேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லாத பெரியவர் இல்லை. அனுபவஸ்தர் வாக்கு, யார் மறுப்பது?

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் வாக்கை நம்பி உட்காரவில்லை. 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தது. பாதிப்பேர் சானடோரியத்தில் பாலும் முட்டையுமாக இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீட்டிலேயே, அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, அதே மருந்தை விழுங்கினார்கள். 1959-இல் கணக்கு வெளியாயிற்று. ஒரு வருஷத்தில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருந்தார்கள்! காப்பாற்றியது கட்டில் அல்ல, மருந்து.

இதைப் படித்த பிறகு, டாக்டர் எனக்கு மருந்து எழுதும்போது, "யார் சொன்னது?" என்று கேட்பதில்லை. "எப்படிப் பார்த்தார்கள்?" என்றுதான் கேட்கிறேன். அவர் முறைக்கிறார். முறைக்கட்டும்; உடம்பு என்னுடையதல்லவா?