மடிக்கான கட்டணம்

விமானத்தில் இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை. யாராவது ஒருவரின் மடிதான் அதற்கு இருக்கை. அந்த மடிக்கும் கட்டணம் உண்டு. பன்னாட்டுப் பயணமென்றால் பல நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் வாங்குகின்றன. பெரியவர் பிசினஸ் கிளாஸில் போனால், அந்தக் கட்டணத்தில்தான் பத்து சதவீதம். அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலைக்குப் போகும் ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் அந்தப் பத்து சதவீதத்துக்குக் காணாது.

இதைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "ஒம்மடியில வச்சிட்டுப் போறதுக்கு அவனுக்கு எதுக்குத்தா காசு? நம்மூரு பஸ்ஸுல அஞ்சு வயசு வரைக்கும் கேக்க மாட்டாங்களே" என்றாள். அவள் சொன்னது சரி. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் மூன்று வயதாக இருந்த இலவச வரம்பு 2022இல் ஐந்தாக உயர்ந்தது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணமில்லை. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு அம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தடுப்பூசிக்குப் போய்வந்தது அப்படித்தான். அந்தக் குழந்தையை அதன் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு ஒரு கோடை விடுமுறையில் எனக்கு வந்தது. சென்னையிலிருந்து வளைகுடா நகரமொன்றுக்கு நான்கரை மணி நேரம், அங்கிருந்து சிகாகோவுக்குப் பதினைந்து மணி நேரம். குழந்தைக்கு ஒரு வயது பத்து மாதம். இரண்டு வயது நிறைவதற்குள் போய்விட வேண்டும் என்பது தங்கையின் கணக்கு.

என் தங்கை சிகாகோவுக்குப் பக்கத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். அமெரிக்காவில் சம்பளத்தோடு பேறுகால விடுப்புத் தரவேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. 1993இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தகுதியுள்ள ஊழியர்களுக்கு 12 வாரம் தருகிறது. அதுவும் சம்பளமில்லாமல். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் என்றாகியிருக்கிறது. பணக்கார நாட்டுக்குப் போன தங்கைக்குக் கிடைத்தது பன்னிரண்டு வாரம். பகல் காப்பகத்துக்கு வீட்டு வாடகை அளவுக்குப் பணம் கட்டி ஐந்து மாதம் ஓட்டினாள். குழந்தைக்கு எட்டு மாதமானபோது ஊருக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். போன பிறகும் இரண்டு வாரம் மார்பில் பால் கட்டிக்கொண்டதாம். பீய்ச்சிப் பீய்ச்சி அலுவலகக் கழிப்பறைத் தொட்டியில் ஊற்றினேன் என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள். இரண்டாவது முறை அதைப் பற்றி அவள் பேசவில்லை.

பதினான்கு மாதம். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. அப்பா பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடம். ஒரு அறையில் அப்பா, அடுத்த அறையின் உத்தரத்தில் சேலைத் தொட்டில். இரவில் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி எழுந்திருப்பாள். காலையில் ஆட்டைப் பத்திக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போகும்போது குழந்தையும் இடுப்பில் போகும். மழையில்லாத வருடங்களில் அந்தக் கண்மாயில் சீமைக்கருவேலம் தவிர வேறு பச்சை கிடையாது. அந்த நிழலில்தான் பிள்ளை நடை பழகியது. 'மே' என்பதுதான் அதன் முதல் சொல். இரண்டாவது சொல் 'அம்மா'. அதை அது என் அம்மாவைப் பார்த்துச் சொன்னது. காணொளியில் தங்கையை அக்கம்பக்கத்தார் 'அம்மா பாரு' என்று காட்டும்போதெல்லாம், அது கைபேசியைப் பார்த்துவிட்டு அம்மாச்சியின் முகத்தைத் தேடும்.

திருச்சுழியிலிருந்து பிள்ளைகள் பிரிந்து போவது புதிதில்லை. 1879இல் இந்த ஊரில் பிறந்த வேங்கடராமன், பதினாறு வயதில் மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குப் போனார். பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து 1898இல் போய் அழைத்தவர் தாய் அழகம்மாள். மகன் வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் எழுதிக் காட்டினார். தாய் திரும்பி வந்தார். 1916இல் மகனிருந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார். 1922இல் அவர் இறந்தபின், அவருடைய சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் எழுந்தது. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ரமணர் பிறந்த அறையைப் பார்த்துக் கும்பிட்டுப் போகிறார்கள். பெற்றவளைப் பற்றி, அந்தப் பதினெட்டு வருடம் அவள் எப்படி இருந்தாள் என்பதைப் பற்றி, யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பிசினஸ் கிளாஸ் எங்கள் வசதியால் வந்ததில்லை. தங்கையின் கணவர் வேலை நிமித்தமாகப் பறந்து பறந்து சேர்த்த புள்ளிகளில் வாங்கிய இருக்கை. "நீ கஷ்டப்படக் கூடாதுக்கா, பிள்ளை தூங்கணும்" என்றாள் தங்கை. குழந்தைக்கான பத்து சதவீதத்தை மட்டும் பணமாகக் கட்டினாள். தாயும் தகப்பனும் ஒப்புதல் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், குழந்தையின் அமெரிக்கக் கடவுச்சீட்டு, கேப்பை மாவு, அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று. இவ்வளவும் கைப்பையில்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒன்று புரிந்தது. அந்த இடம் தனியாளுக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு தடுப்பு, ஒரு விளக்கு, காலை நீட்ட ஒரு பொந்து. பொத்தானை அமுக்கினால் இருக்கை கட்டிலாகிறது. அந்தக் கட்டில் ஒரு உடம்பின் அகலம். அதில் படுக்கும் ஆள் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, அவருடைய பிள்ளையை வேறெங்கோ வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பில்தான் அளவெடுத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டும் குழந்தைத் தொட்டில் பத்து, பதினோரு கிலோவுக்கு மேல் தாங்காது. கேப்பைக் கூழில் வளர்ந்த எங்கள் பிள்ளை அதைத் தாண்டியிருந்தாள். புறப்படும்போதும் இறங்கும்போதும் என் இடுப்புப் பட்டையில் கோத்த ஒரு சின்னப் பட்டை, மற்ற நேரமெல்லாம் என் மடி. மெத்தையும் கம்பளியும் தலையணையும் கிடைத்தன. பிள்ளை கேட்டதோ "தொட்டி". விமானத்தில் சேலை கட்ட உத்தரம் இல்லை. அம்மாவின் சேலையை அவளைச் சுற்றிப் போர்த்தி, முழங்காலைத் தொட்டிலாக்கி ஆட்டினேன். சேலையை முகர்ந்துகொண்டே "ம்மா, ம்மா" என்று அழுதாள். காது அடைத்த அழுகை என்றால் பால் புட்டியைச் சப்பக் கொடுத்தால் நிற்கும். இது வேறு அழுகை.

இரண்டாவது விமானத்தில் மூன்றாம் மணி நேரத்தில் ஒருவர் பணிப்பெண்ணை அழைத்து, குழந்தையைப் பின்பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டார். தூங்குவதற்காகத்தான் இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறேன் என்றார். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார். அவர் தூக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாதாரண வகுப்பில் இருப்பவர்களுக்கும் தூக்கம் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. அழுகிற பிள்ளையின் இடம் பணம் குறைந்தவர்கள் நடுவில்தான் என்பது அவருக்கு இயல்பாக இருந்தது. பணிப்பெண் முடியாது என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வந்து, அரை மணி நேரம் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தார். நான் கழிப்பறைக்குப் போய், முகம் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டேன். மணிலாக்காரர். நான்கு வயது மகன் இருக்கிறானாம். எங்கே என்று கேட்டேன். "என் அம்மாவிடம்" என்றார்.

வானத்தில் பிறர் பிள்ளையைத் தூக்கும் இந்தப் பெண்களுக்கே பிள்ளை கூடாது என்று விதி இருந்த காலமொன்று உண்டு. ஏர் இந்தியாவின் பழைய விதிப்படி விமானப் பணிப்பெண்கள் 35 வயதில், அல்லது சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தால், அல்லது முதல் கர்ப்பத்தில், எது முந்துகிறதோ அப்போது வேலையை விட வேண்டும். நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. முதல் கர்ப்பத்துக்காக வேலையை விட்டு அனுப்புவது இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று அந்த விதியை ரத்து செய்தது. ஆனால் நான்கு ஆண்டுத் திருமணத் தடையை நியாயமென்று ஏற்றுக்கொண்டது. கர்ப்பம் கூடாது என்று சொன்னவர்கள், பயணியின் குழந்தைக்குப் பால் சூடு செய்து தரும் வேலையை இந்தப் பெண்களுக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண் இருக்கிறாள் என்பதைச் சட்டம் அறியாமலில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலையிடத்தில் ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்று எழுதினார்கள். பிள்ளை பார்ப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று எங்கள் கரிசல் காட்டுக்கு எழுத்தில் வந்த ஒரே வரி அது என்று நினைக்கிறேன். நடப்பில் நான் பார்த்ததெல்லாம், கண்மாய்க் கரையில் கருவேலங்கிளையில் தொட்டிலைக் கட்டிவிட்டு, மண் சுமக்கிற நடையில் போகையில் ஒரு ஆட்டு, வருகையில் ஒரு ஆட்டு என்று வேலை செய்த பெண்களைத்தான். 2015இல் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம். பூட்டு தொங்கும் அறைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

மேலே இருப்பவர்களுக்கு வேறு ஏற்பாடுகள் வருகின்றன. அதே 2015இல், வேலையாக வெளியூர் போகும் தாய்மார்கள் தங்கள் பாலை வீட்டுக்கு அனுப்பும் செலவை ஏற்பதாக ஐபிஎம் அறிவித்தது. கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் குழந்தையையும் ஆயாவையும் உடன் அழைத்துப் போகும் செலவைத் தருவதாகச் சொன்னது. 2018இல் நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஐநா பொதுச் சபைக்கு வந்தார். உலகம் கைதட்டியது. அந்தப் படங்களில் குழந்தையைக் கையில் வைத்திருந்தவர்களில் ஒருவர் அவர் துணைவர் கிளார்க் கேஃபோர்டு. அதே மாதம், குழந்தையை அதிக நேரம் பிரிய வேண்டாமென்று நவ்ரு மாநாட்டுக்குத் தனி விமானத்தில் போனதற்காக ஆர்டெர்ன் செலவுக் கணக்கும் சொல்ல வேண்டியிருந்தது. பிரதமரே ஆனாலும் கேள்வி தாயிடம்தான் வரும்.

ஆர்லி ஹாக்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000இல் இதற்கு 'உலகப் பராமரிப்புச் சங்கிலி' என்று பேர் வைத்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையைப் பார்க்க ஏழை நாட்டிலிருந்து ஒருத்தி வருகிறாள், அவள் பிள்ளையை இன்னொருத்தி பார்க்கிறாள், கடைசிக் கண்ணியில் கூலியே இல்லாத ஒரு கிழவியோ மூத்த மகளோ நிற்கிறாள். எங்கள் வீட்டில் பிள்ளையே கடல் தாண்டிக் கிழவியிடம் வந்தது. மணிலாக்காரரின் அம்மாவும் என் அம்மாவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

சிகாகோவில் தங்கை கையை நீட்டியபோது பிள்ளை என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தங்கை நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு, "கார் வரைக்கும் பெரிம்மாகிட்டயே இருக்கட்டும்க்கா" என்றாள். பையிலிருந்த சேலையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் பிள்ளை அந்தத் தோளில் தூங்கினாள்.

இப்போது அவளுக்கு இரண்டு வயது கடந்துவிட்டது. இனி மடி செல்லாது, தனி இருக்கை வாங்க வேண்டும். அம்மா இரண்டு ஆட்டுக்குட்டிகளை விற்ற பணத்தை முடிந்து என்னிடம் கொடுத்து, "அவ வாரதுக்கு டிக்கெட்டுக்கு வையி" என்றாள். அது இருக்கையில் எத்தனையில் ஒரு பங்கு என்று நான் சொல்லவில்லை. தங்கையிடம் சொன்னபோது, அம்மாவையே அங்கு அழைத்துப் போகலாம், டிக்கெட் போடுகிறேன் என்றாள். பிறகு, "அப்பாவ யாருக்கா பாக்குறது?" என்று கேட்டாள். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று பெண்களுக்குள்ளேயே அந்தக் கேள்வி பல மாதம் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறான். மதுரையில் வேலை, நல்ல உடம்பு, வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய உத்தியோகம். அப்பாவின் மாத்திரைக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறான், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதம் ஊரில் வந்து தங்கி அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க, துடைத்துவிட, கஞ்சி ஊட்ட அவனால் முடியுமா என்று இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தாள், ஆம்பளப்பிள்ளை என்னத்தச் செய்வான் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.