மின்சாரம் போன இரவில் ஒரு கணப்பு



டெல்லியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊழியம் செய்துவரும் எனக்குக் குளிர் புதியதன்று. ஆயினும் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரிலுள்ள என் மகளின் வீட்டில் நான் அனுபவித்த குளிர் வேறுவிதமானது. மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் அங்கே சென்றிருந்தோம். பேரன் பிறந்து பத்தொன்பது நாட்களே ஆகியிருந்தன.

பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. மறுநாள் அதிகாலை இரண்டு மணியளவில் மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் வந்துவிடும் என்று எண்ணினோம், வரவில்லை. கடுங்குளிரால் மின்நிலையங்களும், அவற்றுக்கு எரிவாயு வழங்கும் அமைப்புகளும் உறைந்து செயலிழந்தமையால், மாநிலத்தின் மின்தொகுப்பு முழுவதும் சரிந்துவிடாதபடி இணைப்புகளைத் துண்டித்தார்கள் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவ்வாரத்தில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டிடங்களும் இருளில் கிடந்தன. 16-ஆம் தேதி டாலஸில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது.

வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் எரிவாயுவில் எரிவதுதான். ஆனால் வெப்பக்காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே அதுவும் நின்றுபோயிற்று. பொழுது விடிந்தபோது வீட்டுக்குள்ளேயே எங்கள் மூச்சு புகையாய்த் தெரிந்தது. குழந்தையின் பாதங்கள் சில்லிட்டிருந்தன.

அப்பொழுது என் மருமகன், தோட்டத்தில் இறைச்சி சுடுவதற்கு வைத்திருந்த கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “மாமா, இதைக் கூடத்தில் வைத்துப் பற்றவைப்போம், பிள்ளைக்குச் சூடு கிடைக்கும்” என்றார்.

“வேண்டாம் மாப்பிள்ளை! அதை வெளியே கொண்டுபோங்கள்” என்று நான் உரத்த குரலில் கத்திவிட்டேன். அவர் திகைத்து நின்றார். நான் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை.

காரணம் இதுதான். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில், எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த இளம் தம்பதியர், ஒற்றை அறையில் ‘அங்கீட்டி’ என்னும் கரியடுப்பை மூட்டி, கதவிடுக்கில் துணியைச் செருகிவிட்டு உறங்கினார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது இரத்தத்தில் பிராணவாயு சேரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உறங்குகிறவர் உறக்கத்திலேயே போய்விடுவார். அவர்களுடைய அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். ஆறுதலாகப் பேசினேன். ஆனால், அன்றிரவே வீட்டுக்குப் போய் அதே அடுப்பை மூட்டப்போகிற ஜனங்கள் எனக்கு முன்பாக உட்கார்ந்திருந்தும், எச்சரிப்பாக ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. துக்கவீட்டில் அது பேசத் தகாது என்று எண்ணினேன். அந்த மௌனம் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

டாலஸ் வீட்டுக் கூடத்தின் சுவரில், கண்ணாடி மூடிய எரிவாயுக் கணப்பு ஒன்று இருந்தது. வீடு வாங்கிய நாள்முதல் அவர்கள் அதை ஏற்றியதே இல்லை. “மின்சாரம் இல்லாமல் அது எப்படியப்பா எரியும்?” என்றாள் மகள். சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினோம், பயனில்லை. நான் முழங்காற்படியிட்டு, கீழேயிருந்த கம்பித்தடுப்பைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். பற்றவைக்கும் முறை ஒரு தகட்டில் எழுதப்பட்டிருந்தது. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்த நான், எந்த நூலையும் இவ்வளவு கவனமாய் வாசித்ததில்லை.

முதலில் குமிழை அணைப்பு நிலையில் வைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, தரையருகிலும் எரிவாயு வாசனை இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பின்பு குமிழைச் சிறுசுடர் நிலைக்குத் திருப்பி, உள்ளே அழுத்தியபடி, பக்கத்திலுள்ள பொறிப் பொத்தானைத் தட்ட வேண்டும். நம் சமையலறை லைட்டரைப் போல, அது அழுத்தத்தினாலேயே பொறியை உண்டாக்கும், மின்சாரம் வேண்டியதில்லை. சுடர் பற்றிய பிறகும் ஏறக்குறைய ஒரு நிமிடம் கையை எடுக்கலாகாது. நான் அவசரப்பட்டுக் கையை எடுத்தேன், சுடர் அணைந்தது. மறுபடியும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. குழந்தை அழுதுகொண்டிருக்க, அந்த ஐந்து நிமிடமும் ஜெபமாகவே கழிந்தது. இரண்டாம் முறை சுடர் நின்றது. குமிழை முழுவதும் திருப்பி, சுவர்ப் பொத்தானை அழுத்தினேன். கணப்பு முழுவதும் எரிந்தது.

இதன் இரகசியத்தைப் பிற்பாடு அறிந்தேன். அச்சிறு சுடரில் ஒரு உலோக முனை சூடாகி, ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தைத் தானே உண்டாக்குகிறது. வால்வைத் திறந்து வைப்பதற்கு அதுவே போதும். சுடர் அணைந்தால் அம்மின்சாரமும் நின்று, வால்வு தானாய் மூடிக்கொள்ளும். எல்லாக் கணப்பும் இவ்விதமானதன்று. சிறுசுடர் எப்போதும் எரியாத புதிய வகைகள் பலவற்றில், மின்தடைக் காலத்துக்கென்று பேட்டரி போட வேண்டும்.

நெருப்பு எரிந்ததும் மருமகனை வெளியே அனுப்பி, சுவரிலிருந்த புகைவாயைப் பனி மூடாதபடி சுத்தம் செய்யச் சொன்னேன். அந்தக் கணப்பு, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிறது. கண்ணாடியானது அறையின் காற்றையும் நெருப்பையும் பிரித்து நிற்கிறது. வீட்டிலிருந்த கார்பன் மோனாக்சைடு எச்சரிப்புக் கருவிக்கும் புதிய பேட்டரி போட்டோம். பின்பு, கூடத்தின் வாசல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஐந்து பேரும் மூன்று நாட்கள் அந்த ஓர் அறையிலேயே தங்கினோம். பேரனுடைய பாதங்கள் சூடாயின.

அப்புயலில் மாண்டவர்கள் 246 பேர் என்று மாநில அரசு பின்னர் கணக்கிட்டது. அவர்களில் சிலரைக் கொன்றது குளிரன்று. குளிருக்குத் தப்பும்படி, மூடிய கொட்டகையில் ஓடவிட்ட காரும், வீட்டுக்குள் மூட்டிய கரியும் வெளியிட்ட நச்சுவாயுவே.

பிரியமானவர்களே, சிறிய அறைகளில் நெருக்கமாய் வாழ்கிற நமக்கு இது தூரதேசத்துச் செய்தியன்று. வட இந்தியாவில் அங்கீட்டியும், பல நகரங்களில் காற்றோட்டமற்ற குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும் குளிர்காலந்தோறும் உயிர்களை வாங்குகின்றன. நெருப்பு மூட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது எங்கிருந்து காற்றை எடுக்கிறது? புகையை எங்கே விடுகிறது? இரண்டுக்கும் விடை ‘இந்த அறை’ என்றால், அதை வைத்துக்கொண்டு கதவை மூடாதிருங்கள், உறங்காதிருங்கள்.

ஊர் திரும்பிய நாள்முதல், ஒவ்வொரு டிசம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்றும் பிரசங்கத்துக்கு முன்பாக இதை நான் சபையில் சொல்லிவருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவ்விரு பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதை, இனி ஒருவருக்கும் சொல்லாமல் விடமாட்டேன்.