இரண்டாம் முறை போய்ப் பாருங்கள்

"தாத்தா, ஏழு நாள் கேம்ப் போயிட்டு வந்தா எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சர்டிபிகேட் கிடைக்கும். அதற்கு மேலே கிடைப்பதெல்லாம் அதே இடத்துக்கு மறுபடியும் போகிறவனுக்குத்தான் என்று சொல்லி அனுப்புவேன்.

காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேர சேவை, ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. எங்கள் காலத்தில் முகாம் என்றால் மண்வெட்டியும் மண்சட்டியும்தான். இப்போது பேனரும் போட்டோவும் சேர்ந்திருக்கின்றன. அதில் ஒன்றும் குற்றமில்லை. போட்டோ எடுத்த கையோடு வண்டியேறிவிட்டால்தான் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போகிறது.

பாபநாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரிகாரம் முடித்துக் குளிக்கிறவர்கள் உடுத்திய துணியை அப்படியே தாமிரபரணியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாறை இடுக்கில் சுற்றிக்கொண்ட ஈரச் சேலையை இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஒருவன் இழுத்தால் வராது, இரண்டு பேர் முட்டளவு தண்ணீரில் கால் ஊன்றி நின்று இழுக்க வேண்டும். முதல் தடவை போகிற மாணவன் மூட்டை மூட்டையாகத் துணியை அள்ளிக் கரையேற்றிவிட்டு, ஆற்றையே காப்பாற்றிவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வருவான். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே பாறையில் வேறு துணி கிடக்கும். அங்கேதான் அவன் படிப்பு ஆரம்பிக்கிறது. 'யார் போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள், ஆற்றில் விடாமல் கரையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் கேட்பார்களா, யார் சொன்னால் கேட்பார்கள்' என்று யோசிக்கத் தொடங்குவான். குளிக்க வந்தவரிடம் கோபப்படாமல் பேசப் பழகுவான். அவருடைய நம்பிக்கையையும் புண்படுத்தக் கூடாது, ஆற்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தப் பக்குவத்துக்குப் பாடப்புத்தகம் கிடையாது.

மறுபடி மறுபடி போவதையே முறையாக வைத்துக்கொண்ட வேலை ஒன்றும் நம் பக்கத்தில் உண்டு. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஜனவரி தோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்து விடிகாலையிலேயே குளத்தங்கரையில் நிற்பார்கள். கையில் பைனாகுலரும் ஒரு தாளும். நாமக்கோழி எத்தனை, முக்குளிப்பான் எத்தனை, கூழைக்கடா எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும்.

எண்ணுவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகள் கோடிட்ட இடத்தை எப்படியாவது நிரப்பியே பழகியவர்கள். பரீட்சையில் காலியாக விட்டால் மதிப்பெண் போய்விடும். குளக்கரையில் கதை வேறு. குளம் வறண்டு கிடந்தால் வறண்டு கிடக்கிறது என்றே எழுத வேண்டும். பறவை இல்லை என்றால் இல்லைதான். கூட்டிக் காட்டினால் அடுத்த வருஷம் வருகிறவனின் கணக்கும் சேர்ந்து கெட்டுப்போகும். தனக்குப் பிறகு ஒருவன் இதே கரைக்கு வருவான் என்ற நினைப்போடு ஒரு எண்ணை எழுதுவதைவிடப் பெரிய நேர்மைப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. கூடவே இன்னொன்றும் புரியும். திருநெல்வேலி டவுன் நயினார்குளத்தில் பறவை நிற்க வேண்டுமானால் குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குச் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயில் தண்ணீர் வர வேண்டும். கால்வாயை நாம் குப்பைத்தொட்டி ஆக்காமல் இருக்க வேண்டும். பறவையை எண்ணப் போனவன் கடைசியில் தன் தெருச் சாக்கடைக்கு வந்து சேருவான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தச் சீமை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு வீடுகளில் சகதி அள்ளப் போன பிள்ளைகளோடு நானும் ஒரு தெருவில் நின்றேன். ஒரு பையன் மும்முரமாகத் திண்ணையைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த வீட்டு ஆச்சி சொன்னாள்: "ஏ ராசா, திண்ணை கிடக்கட்டும்யா. முதல்ல அடுப்படிச் சகதிய வாரு. அடுப்பு காஞ்சாத்தான நாளைக்குக் கஞ்சி." பையன் ஒரு நொடி நின்றான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். எது முதலில் வேண்டும் என்பதை உதவி செய்கிறவன் முடிவு செய்யக் கூடாது என்ற பாடத்தை ஆச்சி இரண்டு வரியில் நடத்தி முடித்துவிட்டாள்.

அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. தங்கள் ஊரே தண்ணீரில் தத்தளித்தபோது, பக்கத்துக் கிராமத்து மக்கள் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குச் சோறு போட்டார்கள். நகரத்துக்காரன் கொடுக்கிறவன், கிராமத்துக்காரன் வாங்குகிறவன் என்ற எண்ணத்தோடு முகாமுக்குப் போகிற எந்த மாணவனும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நாம் சேவை செய்யப் போகும் ஊர் நமக்கு முன்பே சேவை செய்யத் தெரிந்த ஊர்.

இப்போது எல்லாக் கல்லூரியிலும் பனை விதை நடுகிறார்கள். நல்ல காரியம். பனை நம் மாநில மரம், நம் தேரிக்காட்டுச் சொந்தம். ஆனால் பனை விதை அவசரக்காரனுக்கு ஆகாது. முதலில் மண்ணுக்குள் கிழங்கு இறங்கும். ஓலை மேலே தலைகாட்ட மாதக்கணக்கில் ஆகும். நட்டவன் திரும்பிப் போகாவிட்டால், முளைத்ததா, ஆடு கடித்ததா, யாராவது கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றார்களா என்று எப்படித் தெரியும்? எத்தனை விதை நட்டோம் என்பதை மட்டும் அறிக்கையில் எழுதுகிறோம். அடுத்த வருஷம் எத்தனை நின்றது என்பதையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

அதனால் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் தேதியைக் குறிக்கும்போதே திரும்பிப் போகும் தேதியையும் குறித்துவிடுங்கள். முதல் அறிக்கையில் என்ன செய்தோம் என்று எழுதட்டும். இரண்டாவதில் என்ன மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று எழுதட்டும். மதிப்பெண் கொடுப்பதானால் இரண்டாவதற்குக் கொடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பத்து ஊருக்கு ஒருதடவை போவதைவிட ஒரே ஊருக்குப் பத்துத் தடவை போங்கள். முதல் தடவை 'காலேஜ் புள்ளைங்க வந்திருக்கு' என்பார்கள். போகப் போக உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், குறையையும் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்டு, அடுத்த தடவை சரிசெய்துகொண்டு போகத் தெரிந்துவிட்டால், பிற்காலத்தில் நீங்கள் தாசில்தாராக இருந்தாலும் டாக்டராக இருந்தாலும் கடை வைத்திருந்தாலும், உங்களிடம் வருகிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.